எச்6-க்கு நாலு நகர்வு முன்னால்

2016 நவம்பர் 30, நியூயார்க். உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 12 கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டங்களும் முடிந்து கார்ல்சனும் கார்யாகினும் 6-6. சமனை முறிக்கும் டைபிரேக்குக்கு நான்கு ரேபிட் (வேக) ஆட்டங்கள்: ஆளுக்கு 25 நிமிடம், நகர்வுக்கு 10 விநாடி கூடுதல். முதல் இரண்டும் டிரா. மூன்றாவதைக் கறுப்பில் ஆடி கார்ல்சன் எடுத்தார். ஆக நான்காவதில் வெள்ளையில் உட்கார்ந்த அவருக்கு டிராவே போதும். (அன்று அவருக்கு 26வது பிறந்தநாள் வேறு.)

கடைசியில் கார்ல்சன் ராணியைக் கொடுத்ததைத்தான் எல்லோரும் ரசிக்கிறார்கள். என் கணக்கில் ஆட்டத்தின் போக்கு 7வது நகர்விலேயே தெரிந்துவிட்டது. கார்யாகின் ஆடிய சிசிலியன் என்ற தொடக்கத்தில் கறுப்பு மூச்சுவிட சிப்பாயை டி5 கட்டத்துக்குத் தள்ள வேண்டும். கார்ல்சன் சி4 ஆடினார். சி4, ஈ4 சிப்பாய்கள் டி5-ஐப் பூட்டிவிட்டன. ஜெயித்தே ஆக வேண்டியவருக்கு இதைவிட எரிச்சலான அமைப்பு கிடையாது.

பூட்டை உடைக்க 34வது நகர்வில் கார்யாகின் யானையால் பி3 சிப்பாயை வெட்டினார். வெள்ளைக் குதிரை டி4-க்கு வந்து ராணிக்கும் யானைக்கும் ஃபோர்க் (ஒரே நேரத்தில் இரண்டுக்கும் குறி). கறுப்புக்கு யானை போனது, பதிலுக்குக் கிடைத்தது குதிரையும் இரண்டு சிப்பாயும்.

முக்கியமான இடம் 46வது நகர்வு. வெள்ளை யானை சி1-க்கு வந்து, சி7-ல் நின்ற கறுப்பு யானையை மாற்றிக்கொள்ளக் கூப்பிட்டது. வேறொரு நாளாக இருந்தால் மாற்றிவிட்டு டிராவுக்கு உழைக்கலாம். ஆனால் மாற்றினால் கறுப்புக்கு ஜெயிக்கப் போதிய காய் இல்லை. எனவே கறுப்பு யானை ஏ7-க்கு ஒதுங்கியது; சி வரிசை வெள்ளைக்குத் திறந்தது.

பிறகு கறுப்பு யானை ஏ2-ல் செக், கறுப்பு ராணி எஃப்2-க்கு. அடுத்த நகர்வில் ஜி2-ல் மேட். ஆனால் அந்த ஒரு நகர்வு கிடைக்கவே இல்லை. வெள்ளை யானை சி8-ல் செக், கறுப்பு ராஜா எச்7. 50வது நகர்வு: வெள்ளை ராணி எச்6 செக்! ராஜா வெட்டினால் யானை எச்8-ல் மேட். ஜி7 சிப்பாய் வெட்டினால் இன்னொரு யானை எஃப்7 சிப்பாயை வெட்டி மேட். கார்யாகின் கைகொடுத்துவிட்டார்.

இரண்டு மேட்டிலும் ராஜாவை ஜி6-க்குப் போகவிடாமல் தடுப்பது எச்5-ல் நிற்கும் வெள்ளைச் சிப்பாய். அது ஜி வரிசையில் இருந்தது. கார்யாகின் 20வது நகர்வில் எச்4 வரை தள்ளிவிட்ட தன் சிப்பாயை வெட்டித்தான் எச் வரிசைக்கே வந்தது.