அப்பத்தாவின் கங்கைச் செம்பு

ராமநாதசுவாமியிடம் எங்கள் வீடு பட்ட கடன் 1964-ல் தொடங்கியது. அந்த வருஷம் சித்திரையில் பிறந்த என் அப்பாவுக்கு ஆறாம் மாசம் வலிப்பு கண்டது. வைத்தியரும் கையை விரித்துவிட்ட ராத்திரியில் அப்பத்தா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "ராமநாதா, இவனை எனக்குக் குடுத்துரு. காசித் தண்ணியைக் கொண்டாந்து ஒன் தலையில ஊத்துறேன்" என்று வேண்டிக்கொண்டாளாம். விடியும்போது பிள்ளை பாலுக்கு அழுதது. அந்தப் பிள்ளைக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது.

காசிக்குப் போய்வந்த உறவுக்காரர் ஒருவர் கொடுத்த கங்கைச் செம்பு வீட்டில் இருந்தது. மார்கழி பத்தாம் தேதி ரயிலேறுவதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்திலிருந்து ராமேஸ்வரம் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான், காலையில் ஏறினால் மத்தியானம் கடலைப் பார்த்துவிடலாம். அதற்குள் டிசம்பர் 22 ராத்திரி அந்தப் புயல் வந்தது. தனுஷ்கோடி போயிற்று, பாம்பனிலிருந்து போன ரயில் சனத்தோடு கடலுக்குள் போயிற்று, பாம்பன் பாலமும் உடைந்தது. ஸ்ரீதரன் என்ற இன்ஜினியர் 46 நாளில் பாலத்தை நிமிர்த்திவிட்டார். அப்பத்தாவுக்குத்தான் அறுபது வருஷம் ஆகியும் போக முடியவில்லை.

காரணம் அந்தச் செம்புதான்.

பாலம் சரியாவதற்குள் அப்பத்தாவின் மாமியார் படுத்துவிட்டார். மூன்று நாளாக உசிர் இழுத்துக்கொண்டு கிடந்தது. அப்பத்தா யாரையும் கேட்கவில்லை. சுருக்குப் பையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து, செம்பின் மூடியில் பற்றவைத்திருந்த ஈயத்தை நெம்பி, கங்கையை மாமியார் வாயில் ஊற்றினாள். "ராமநாதருக்கு வச்சதாச்சே" என்று தாத்தா பதறியதற்கு, "அவரு இருப்பாரு, அத்தை இருக்க மாட்டாங்கல்ல" என்றாளாம்.

அதற்குப் பிறகு காசிக்கு யார் போனாலும் அப்பத்தாவுக்கு ஒரு செம்பு கொண்டுவந்து கொடுப்பார்கள். அதுவும் சாமி அலமாரியில் கொஞ்ச நாள் இருக்கும். ஒருநாள் ராத்திரி யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். "அக்கா, எங்கய்யாவுக்கு இழுத்துக்கிட்டுக் கிடக்கு. உங்க வீட்ல கங்கை இருக்காமே?" அவ்வளவுதான். செம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பாக்குவெட்டியோடு அப்பத்தா கிளம்பிவிடுவாள். தெரு, சாதி எதையும் பார்த்ததில்லை. போன இடத்தில் தண்ணீரைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறவளும் இல்லை. உசிர் அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கட்டை விரல்களைக் கட்டி, அழுகிற பொம்பளைகளுக்குக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, விடிந்த பிறகு வந்து கொல்லையில் தலை முழுகுவாள். சுவர்த் தகராறில் இருபது வருஷம் முகம் கொடுத்துப் பேசாத எதிர்வீட்டுக்காரருக்கும் ஒரு செம்பு போனது. அப்பா கணக்குப்படி மொத்தம் ஏழு செம்பு. எனக்கு நினைவு தெரிந்து மூன்று.

இதிலெல்லாம் என் அம்மாவுக்குத்தான் பொல்லாத கோபம் வரும். "இது வீடா, இல்ல சாகுறவங்களுக்குத் தண்ணிப் பந்தலா?" என்று அடுப்படியிலிருந்து சத்தம் போடுவாள். மூன்று கொழுந்தனார்களை ஆளாக்கி, நாலு பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, தாத்தா போன பிறகு மாட்டை வைத்துப் பால் ஊற்றியே குடும்பத்தை நிமிர்த்தியவள் அப்பத்தா. அவளிடம் வேறு யாரும் அப்படிப் பேசிவிட முடியாது. அம்மா பேசுவாள். அப்பத்தா வெற்றிலையை மென்றுகொண்டு சிரிப்பாள்.

"ராமேஸ்வரத்துக் கோயில்லயே கங்கைத் தண்ணி விக்கிறாங்களாம் அப்பத்தா, வாங்கி ஊத்திட்டு வந்துரலாம்" என்று நானே ஒருமுறை சொன்னேன். "அவரு வாசல்ல வாங்கி அவருக்கே ஊத்துறதுக்குப் பேரு நேத்திக்கடனாடி?" என்று முறைத்தாள். "நாளாகிப் போச்சே, சாமி கோவிச்சுக்காதா?" என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. "அங்க அனுமாரு லிங்கம் கொண்டாறேன்னு கைலாசத்துக்குப் போயி நேரங்கழிச்சுத்தான வந்தாரு? அதுக்குள்ள சீதை மண்ணப் பிடிச்சு வச்சுப் பூசையே முடிஞ்சுருச்சு. ஆனா இன்னிக்கும் முதப் பூசை அனுமாரு கொண்டாந்த லிங்கத்துக்குத்தான். லேட்டா வந்தவனுக்கு முதல்ல எலை போட்ட கோயிலுடி அது."

2024 ஆவணியில் அப்பத்தா படுத்தாள். அலமாரியில் எட்டாவது செம்பு இருந்தது. கடைசி நாள் ராத்திரி அப்பா அதை எடுத்துக்கொண்டு வந்தார். அப்பத்தாவுக்குப் பேச்சு நின்று ஒருநாள் ஆகியிருந்தது. செம்பைப் பார்த்ததும் வாயை இறுக மூடிக்கொண்டாள். அப்பா கெஞ்சிப் பார்த்தார். சித்தப்பா அழுதார். திறக்கவே இல்லை. செம்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பாலும் துளசித் தண்ணீரும் எடுத்துவந்த பிறகுதான் உதடு பிரிந்தது.

தலைத்திவசம் முடியும்வரை நாங்கள் கோயில் படி மிதிக்கவில்லை. மகாளய அமாவாசை கழிந்து மறுநாள் என்றால் கூட்டம் வடிந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி அன்றைக்குக் கிளம்பினோம். அப்படிச் சொன்னவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை, பார்த்தால் கேட்பேன். மானாமதுரையில் ரயிலில் ஏறியபோது ஒற்றைக் காலை வைக்கத்தான் இடம் கிடைத்தது. பரமக்குடியில் அப்பாவுக்கு மட்டும் யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அப்பத்தாவின் பழைய சேலைத் துண்டில் சுற்றிய செம்பு அவர் மடியில் இருந்தது. மண்டபம் தாண்டி, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் ரயில் மெல்ல ஏறியது. பக்கத்திலேயே 1914-ல் கட்டிய பழைய பாலம் துருவேறி நின்றது. வண்டியே கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தது. அப்பா மட்டும் குனிந்து செம்பிடம், "ஆத்தா, பாலத்துக்கு வந்துட்டோம்" என்றார்.

அக்னி தீர்த்தத்தில் கால் நனைப்பதற்குள் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். தர்ப்பணமா, தனி வாளியா, சீக்கிர தரிசனமா? ஒருவர் அப்பாவின் கையையே பிடித்து இழுத்தார். வயசானவர் என்றால் இன்னும் தைரியம் வந்துவிடுகிறது அவர்களுக்கு. சேலைத் துண்டைப் பார்த்துவிட்டு, "அஸ்தியா சார்? கரைக்கணுமா?" என்று கேட்ட ஆளிடம் அம்மா போட்ட போட்டில், அதற்கப்புறம் யாரும் எங்களிடம் வரவில்லை.

இருபத்திரண்டு தீர்த்தத்திலும் பொதுவரிசையிலேயே நின்று நனைந்தோம். கிணற்றுச் சுவரில் ஏறி நின்று வாளியை வீசி இறைக்கிறவர்கள் ஆளுக்கு நாலு சொட்டுத் தெளித்தாலும் தெளிப்பார்கள், மூச்சுமுட்ட ஊற்றினாலும் ஊற்றுவார்கள். அப்பாவுக்கு எல்லாக் கிணற்றிலும் முழு வாளி விழுந்தது. வழுக்கும் கல்தரையில் அவர் சின்னப் பிள்ளை மாதிரி அடுத்தது அடுத்தது என்று முன்னால் ஓட, நாங்கள் பின்னால் ஓடினோம். கோடி தீர்த்தத்தில் நனைந்து, ஈரத்துணி மாற்றி, அபிஷேகச் சீட்டு வாங்கி, மூன்றாம் பிராகாரத்தின் அந்த முடிவில்லாத தூண்களுக்கு நடுவே நடந்து வரிசைக்கு வந்தபோது எனக்குக் கால் துவண்டுவிட்டது.

முதலில் விசுவநாதர், அனுமார் கொண்டுவந்த லிங்கம். கும்பிடும்போதே எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

ராமநாதர் சன்னிதியில் எங்கள் முறை வந்தது. செம்பை வாங்கிப் பார்த்தவர், "சீல் உடைக்கலையே, உடைச்சுக் குடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பின்னால் தள்ளுகிறார்கள். அப்பா நகத்தால் சுரண்டிப் பார்த்தார், கை நடுங்கியது. நான் இடுப்பிலிருந்து அப்பத்தாவின் சுருக்குப் பையை எடுத்தேன். பாக்குவெட்டியை நான் கொண்டுவந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. வாசல் சோதனையில் பெண் காவலர் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க ஆயாவும் வச்சிருந்துச்சு" என்று திரும்பக் கொடுத்திருந்தார்.

ஏழு வீடுகளில் ஏழு செம்பைத் திறந்த பாக்குவெட்டி. அதன் முனையை ஈயத்தில் வைத்து நெம்பினேன். ஒரே நெம்பு, டக்கென்று விட்டுக்கொடுத்தது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. சின்ன வயசில் ராத்திரித் தூக்கத்தில் அதைக் கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். இந்தமுறை யாரும் அழவில்லை. மணி அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வாங்கிப் போனார்கள். எனக்கு முன்னால் நின்றவரின் தோளுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்குத்தான் தெரிந்தது. தீப வெளிச்சத்தில் செம்பு சரிந்தது, மெல்லிசாக ஒரு தண்ணீர்க் கோடு. எண்ணினால் ஐந்து எண்ணியிருக்கலாம்.

அப்பா கும்பிடக்கூட மறந்து நின்றார். என் அப்பாவை உயிரோடு கொடுத்த சாமியே, நான் பிறந்ததற்கும் நீதானே காரணம். அறுபது வருஷமும் நீ காத்திருந்தாயா, இல்லை ஒவ்வொரு வீட்டிலும் அவள் கையால் அப்போதே வாங்கிக்கொண்டாயா? என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே நினைவில்லை. ராமநாதா, அப்பத்தா, ராமநாதா, அப்பத்தா என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். "நகருங்க, நகருங்க" என்று யாரோ தோளைப் பிடித்துத் தள்ளியது பிறகுதான் உறைத்தது. காலிச் செம்பைக் கையில் கொடுத்தார்கள். பர்வதவர்த்தினி அம்மனை எப்படித் தரிசித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பச்சைப் பட்டு மட்டும் கண்ணில் இருக்கிறது.

வெளியே வந்து உட்கார்ந்த பிறகுதான் அம்மாவைக் காணோம் என்று தெரிந்தது. தேடிக்கொண்டு போனால், கங்கைத் தண்ணீர் விற்கிற இடத்தில் வரிசையில் நிற்கிறாள். கையில் ரெண்டு செம்பு.

"என்னம்மா இது? இங்க வாங்கினது ஆகாதுன்னு அப்பத்தா சொல்லுமே."

"சாமிக்குத்தான ஆகாதுன்னாங்க. மனுசருக்கு ஆகும்" என்றாள். "ராத்திரியில யாராவது வந்து கதவத் தட்டுனா இல்லைன்னா சொல்றது?"

செம்புகளை முந்தானையில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையை என்னிடம் நீட்டினாள்.

"அந்தப் பாக்குவெட்டியக் குடு. நீ எங்கயாச்சும் தொலச்சுருவ."