மண்டையோடு செதுக்கிய கல்லெல்லாம் கடற்கொள்ளையன் கல்லறையா?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சு ரீயூனியன் தீவில், சாந்-போல் ஊரின் கடலோரக் கல்லறைத் தோட்டத்துக்கு வருபவர்கள் முதலில் தேடுவது, ‘லா பூஸ்’ என்று பெயரெடுத்த கடற்கொள்ளையன் ஒலிவியே லெவாசரின் கல்லைத்தான். மண்டையோடும் குறுக்கெலும்பும் செதுக்கிய அந்தக் கல்லின் முன் ரம் பாட்டில் வைத்துப் போகிறவர்களும் உண்டு.

ஆள் கற்பனை இல்லை. கோவாவிலிருந்து வந்து, புயலில் சேதமாகி, அதே தீவின் சாந்-தெனி துறையில் நின்றிருந்த போர்ச்சுகீசியக் கப்பலை 1721 ஏப்ரலில் இன்னொரு கொள்ளையன் ஜான் டெய்லரோடு சேர்ந்து பிடித்தவன். பதவி முடிந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த கோவா வைஸ்ராயும் அதில் இருந்தார். 1730 ஜூலை 7 அன்று சாந்-போலில் அவனைத் தூக்கிலிட்டார்கள். ஆனால் அந்தக் கல்லறைத் தோட்டம் திறக்கப்பட்டதே 1788இல்! 58 ஆண்டு இடிக்கிறது. அது பின்னாளில் வைத்த நினைவுக்கல் என்பதே பொருத்தம். தூக்குமேடையிலிருந்து அவன் வீசியதாகச் சொல்லும் புதையல் குறிப்பும் 1934இல்தான் அச்சுக்கு வந்தது.

அதனால் கல்லில் உள்ள ஆண்டை நம்புவதற்கு முன், தோட்டம் எப்போது திறந்தது என்று பாருங்கள். அடுத்து, கல்லுக்குக் காசு கொடுத்தது யார் என்று கேளுங்கள். தூக்கில் போட்டவனுக்குச் செதுக்குக்கல் வைக்க அந்தக் காலத்தில் யாரும் முன்வருவது அரிது. 1701இல் லண்டனில் கடற்கொள்ளைக்காகத் தூக்கிலிட்ட கேப்டன் கிட்டின் உடலுக்குக் குழிகூடக் கிடைக்கவில்லை; தேம்ஸ் கரையில் இரும்புக் கூட்டில் தொங்கவிட்டார்கள்.

மண்டையோடு சாட்சியே ஆகாது. ‘நீயும் சாவாய்’ என்று நினைவூட்ட, கிறிஸ்தவக் கல்லறைகளில் மணற்கடிகையோடு சேர்த்துச் செதுக்கிய சின்னம் அது. நம் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்ட வாசலிலேயே எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே இருப்பவர்கள் டச்சுக் கம்பெனிக் காலத்தவர்கள். மடகாஸ்கர் பக்கத்து சாந்த்-மரி தீவில் கொள்ளையர் தங்கியது உண்மை. ஆனால் அங்கே எல்லாரும் படமெடுக்கும் மண்டையோட்டுக் கல், 1834இல் இறந்த ஒரு பிரெஞ்சுக்காரருடையது. கொள்ளையர் காலம் முடிந்து நூறு ஆண்டுக்குப் பிறகு!

தேய்ந்த எழுத்தைப் படிக்க வெளிச்சம் போதும். டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, நாலு பக்கமிருந்தும் படமெடுங்கள். வெயிலில் டார்ச் எடுபடாது. கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்புங்கள். சாக்பீஸ், கம்பி பிரஷ், ஆசிட் எதுவும் வேண்டாம். கல்லின் மேல்தோலோடு எழுத்தும் போய்விடும். பொருக்கு உதிரும் கல்லில் தாள் வைத்துத் தேய்த்துப் படியெடுப்பதும் கூடாது. 1-ஐயும் 7-ஐயும், 3-ஐயும் 8-ஐயும் மாற்றிப் படிப்பது சாதாரணமாக நடக்கும். கல்லில் வயதும் பிறந்த ஆண்டும் இருந்தால் கூட்டிப் பாருங்கள். சுற்றியுள்ள கல் மழுங்கி, எழுத்தின் விளிம்பு மட்டும் கூர்மையாக இருந்தால் பின்னாளில் திரும்ப வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம். 1752க்கு முந்தைய ஆங்கிலேயர் கல் என்றால் இன்னொன்றும் உண்டு: அவர்களுக்கு மார்ச் 25இல்தான் ஆண்டு பிறந்தது. ஜனவரி, பிப்ரவரி மரணங்கள் நம் கணக்குக்கு ஓராண்டு முந்தியதாகப் பொறிக்கப்பட்டிருக்கலாம். தேவாலய அடக்கப் பதிவேட்டோடு ஒப்பிடும்போது இரண்டு ஆண்டிலும் தேடுங்கள்.