காதுல ஙொய்ங்

இரும்புத் தகட்டை அடிச்சு வடிவமாக்குற பிரஸ் ஷாப்ல சேந்து பதினோரு வருஷம் ஆச்சு. 250 டன் பிரஸ் ஒவ்வொரு அடி அடிக்கும்போதும் தரை அதிர்றது கால் வழியா பல்லு வரைக்கும் ஏறும், முதல் மாசமெல்லாம் வீட்டுக்கு வந்தா அம்மா கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கும், அப்புறம் பழகிடுச்சுன்னு நெனச்சேன். பழகலை, காது போயிட்டு இருந்திருக்கு.

போன வருஷ மெடிக்கல்ல சின்ன பூத்துக்குள்ள உக்கார வெச்சு ஹெட்போன் மாட்டி, பீப் கேட்டா பட்டனை அமுக்குங்கன்னாங்க. எது பீப், எது என் காதுக்குள்ளயே ஓடுற 'ஙொய்ங்'னு எனக்கு பிரிக்கவே தெரியல, குத்துமதிப்பா அமுக்கிட்டு வந்தேன். டெஸ்ட் எடுத்த அம்மா கிராஃபை காட்டுறாங்க, 4000 ஹெர்ட்ஸ் கிட்ட கோடு அப்படியே பள்ளத்துல விழுது. இரைச்சல்ல வேலை பாக்குறவங்களுக்கு முதல் அடி அங்கதான் விழுமாம், உள்ள செத்த செல் திரும்ப முளைக்காதாம்.

அன்னைக்கு கம்பெனி பஸ்ல வரும்போது மிஷன் ஆஃப் பர்மாங்கிற ராக் பேண்டோட 'ஆன்ஆஃப்ஆன்' ஆல்பத்தை போட்டேன், வால்யூமை நல்லா கொறச்சு. அமெரிக்காவுல பாஸ்டன் ஆளுங்க, 1979ல ஆரம்பிச்சு காட்டுத்தனமா சத்தமா வாசிச்சவங்க. 1982ல 'வெர்சஸ்'னு ஒரு ஆல்பம், அடுத்த வருஷமே கடையை மூடிட்டாங்க. காரணம் சண்டை இல்ல, கிட்டார் வாசிக்கிற ராஜர் மில்லருக்கு காதுல ஓயாத இரைச்சல். அவர் பியானோ பக்கம் போயிட்டார், பாஸ் வாசிச்ச கிளின்ட் கான்லி டிவி சேனல்ல புரொட்யூசர் ஆயிட்டார், டிரம்ஸ் பீட்டர் பிரெஸ்காட் வேற பேண்டுல வாசிச்சார். 2002ல திரும்ப சேந்தாங்க, 2004ல இந்த ஆல்பம். ரெண்டு ஆல்பத்துக்கும் நடுவுல 22 வருஷம். வாசிக்கற சத்தத்தை டேப்ல பிடிச்சு மாத்தி ஓட விட்ட மார்ட்டின் ஸ்வோப் மட்டும் வரல, அந்த எடத்துக்கு பாப் வெஸ்டன்.

கம்பேக் ஆல்பம்னாலே எனக்கு பயம், ரிட்டயர் ஆனப்புறம் கான்ட்ராக்ட்ல வந்து உக்காருற பெரியவர் மாதிரி பழைய பெருமையே ஓடிட்டு இருக்கும். இதுல சில பாட்டு அந்தக் காலத்துலயே எழுதினதுதான், ஆனா கிட்டார் இன்னும் தகரத்தை கிழிக்குது. மொத்தம் 16 பாட்டு, நாலை தூக்கியிருக்கலாம், அது வேற விஷயம்.

என்னை புடிச்சு இழுத்தது அவங்க மேடையில செஞ்ச ஏற்பாடுதான். மில்லர் தன் ஆம்ப்பை, அதான் கிட்டார் சத்தத்தை பெருசாக்குற பெட்டியை, முதுகுக்கு பின்னாடி வைக்காம மேடையோட ஓரத்துக்கு தள்ளிட்டார், டிரம்ஸுக்கு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் (பிளெக்ஸிகிளாஸ்) தடுப்பு, அதுக்கும் மேல துப்பாக்கி சுடுறவங்க காதை மூடி மாட்டுற இயர்மஃப். எங்க சேஃப்டி டிரெயினிங்ல வருஷா வருஷம் சொல்றதும் இதேதான், முதல்ல சத்தம் வர்ற எடத்தை கவனி, அப்புறம் நடுவுல தடு, எதுவும் முடியலைன்னா கடைசியா ஆளு காதுல மாட்டு. சொல்றது அப்படி, ஆனா எங்க லைன்ல எடுத்த உடனே கடைசி படிதான், காதுக்குள்ள அடைக்கிற ஆரஞ்சு கலர் பிளக் ஒரு ஜோடி. சட்டத்துல சத்தம் 90 டெசிபல்னா ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரைக்கும்தான் அதுல நிக்கலாம், 100 போனா ரெண்டே மணி நேரம்னு இருக்கு. பிரஸ்ஸை சுத்தி கூண்டு போடுங்கன்னு நாங்க கேட்டு மூணு வருஷம் ஆச்சு, "அடுத்த பட்ஜெட்ல பாக்கலாம்"னு ஒவ்வொரு மீட்டிங்லயும் மினிட்ஸ்ல ஏறுது. நாலு பேர் இருக்குற பேண்டு தானா செஞ்சுக்கிட்டதை இவ்ளோ பெரிய கம்பெனியால முடியல.

போன வாரம் ஐடிஐ முடிச்ச பையன் ஒருத்தன் புதுசா சேந்தான். பிளக்கை காதோட வாசல்ல சும்மா ஒட்ட வெச்சிருந்தான். கூப்பிட்டு காட்டிக் குடுத்தேன், விரல்ல நூலு மாதிரி மெல்லிசா உருட்டணும், இன்னொரு கையை தலைக்கு மேல கொண்டு போய் காதை மேல இழுத்து புடிக்கணும், உள்ள விட்டு அது உப்புற வரைக்கும் விரலை எடுக்கக் கூடாது. சரியா போட்டதும் மூஞ்சை சுளிச்சுக்கிட்டு கத்துறான், "அண்ணே, இதைப் போட்டா நீங்க பேசறதே கேக்கல."

"எனக்கு போடாமலே கேக்கலடா"ன்னேன். அதுவும் அவனுக்கு கேக்கல.