17 நம்பர் ஃபார்மும் ஒரு டி.சி.யும்

தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், கோயில் கமிட்டி கொடுத்த சிறிய அறையில்தான் எங்கள் இரவு வகுப்பு தொடங்கியது. நாங்கள் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர். என்.எஸ்.எஸ்.ஸுக்காக ஆண்டுக்கு 120 மணி நேரம் காட்ட வேண்டியிருந்ததால்தான் முதலில் போனோம். இரண்டே மாதத்தில் மணிக்கணக்கு எழுதுவதை விட்டுவிட்டோம். வந்தவர்கள் 11 பேர். அதிகாலையில் சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்கும் பையன் முதல் தையல் கூடத்தில் நூல் வெட்டும் பெண் வரை எல்லோரும் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள்.

பள்ளிக்குப் போகாமலே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத மகாராஷ்டிரத் தேர்வு வாரியம் ஒரு வழி வைத்திருக்கிறது. அதை இங்கே எல்லோரும் 17 நம்பர் ஃபார்ம் என்பார்கள். ஐந்தாம் வகுப்பு தேறி, 14 வயது நிறைந்திருந்தால் போதும். ஆன்லைனில் நிரப்பிவிட்டு டி.சி. முதலிய அசல் தாள்களைத் தொடர்புப் பள்ளியில், அதாவது வாரியத்துக்காக இந்த ஃபார்மை வாங்கிக்கொள்ளும் பள்ளியில், கொடுக்க வேண்டும். பாடம் நடத்துவதுதான் பெரும்பாடு என்று நினைத்திருந்தோம். எங்களை அலைக்கழித்தது அந்த அசல் தாள்கள்தான்.

நூல் வெட்டும் பெண்ணுக்கு 17 வயது. நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஏழாம் வகுப்பு முடித்து, கோடை விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்கு வந்தவள். அந்த விடுமுறை முடியவே இல்லை. அவள் பள்ளியை விடுவதாக யாரும் முடிவு செய்யவில்லை. அதனால் யாரும் டி.சி. வாங்கவும் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, டி.சி. வரத் தாமதம் என்பதற்காகப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்குத்தான். 17 வயதுப் பெண்ணுக்கு அது கை கொடுக்கவில்லை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊரில் இருந்த தாய்மாமா பள்ளிக்கு மூன்று முறை நடந்து டி.சி.யை வாங்கினார். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். மடங்கிவிடக் கூடாது என்று பழைய காலண்டர் அட்டை இரண்டுக்கு நடுவில் வைத்து, வாழைநாரால் கட்டியிருந்தார் மாமா. அவள் முடிச்சை மெதுவாக அவிழ்த்து, தன் பெயரின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். ஏழாம் வகுப்பு தேர்ச்சி என்று நீல மையில் எழுதியிருந்தது.

அடுத்த சிக்கல் ஃபார்மிலேயே இருந்தது. முதல் கட்டமே 'ஆட்நாவ்', அதாவது குடும்பப் பெயர்.

"அக்கா, எனக்கு ஆட்நாவ் என்ன?" என்று கேட்டாள்.

நமக்கு ஏது? டி.சி.யில் பெயருக்கு முன் ஓர் இன்ஷியல். ஆதாரில் பெயருக்குப் பின் அப்பாவின் முழுப்பெயர். ரேஷன் கார்டில் வெறும் பெயர். மூன்று தாளில் மூன்று ஆள் போல. மும்பைத் தமிழர்கள் வழக்கமாகச் செய்வதுபோல அப்பா பெயரையே ஆட்நாவ் கட்டத்தில் போட்டோம். மூவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கினோம். அதோடு முடியவில்லை. வெளிமாநில டி.சி. என்பதால் அந்த மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பம் வேண்டும் என்றார் தொடர்புப் பள்ளி எழுத்தர். காலண்டர் அட்டையோடு டி.சி. மறுபடி ஸ்பீடு போஸ்டில் ஊருக்குப் போய் வந்தது. தாமதக் கட்டணம் சேர்த்துக் கட்டினோம். அதை அவளே தன் வாரக் கூலியிலிருந்து கொடுத்தாள், எங்களிடம் வாங்க மறுத்துவிட்டாள்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இயற்கணிதம் 40, வடிவியல் 40 என்று இரண்டு தாள். அவளுக்கு வடிவியல்தான் பிடித்தது. துணி வெட்டுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கோணம் எளிதில் பிடிபட்டது என்று நினைக்கிறேன். மார்ச்சில் ஒன்பது பேர் எழுதினார்கள். ஆறு பேர் தேறினார்கள், அவளும். இரண்டு பேர் தேர்வுக் கட்டணம் வரை கட்டிவிட்டு ஹால் டிக்கெட் வாங்கவே வரவில்லை. வேலை மாறிப் போய்விட்டார்கள், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்படி ஒரு வகுப்பு தொடங்க நினைப்பவர்கள் ஜூன் மாதத்திலேயே ஒவ்வொருவரிடமும் டி.சி. எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பாடப்புத்தகம் பிறகு வாங்கலாம். இந்த ஆண்டு ஃபார்ம் திறப்பதற்கு முன்பே ஏழு ஊர்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறோம். இரண்டு டி.சி. வந்துவிட்டன. கோவில்பட்டியிலிருந்து வர வேண்டியதற்காக நாளை மறுபடி போன் செய்ய வேண்டும்.