133.1

எங்கள் பள்ளி நூலகத்தில் கதைப் புத்தகங்களுக்கு ஒரு அலமாரி, அறிவுப் புத்தகங்களுக்கு இன்னொன்று. பேய்களையும் பேய் வீடுகளையும் பற்றிய அந்த மெல்லிய படப் புத்தகம் இரண்டாவதில் இருந்தது. முதுகில் 133.1 என்ற எண். நூலகங்கள் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறையில் ஆவித் தோற்றங்களுக்கான எண் அது என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஏழாம் வகுப்பில் எனக்கு இருந்த சந்தேகம் வேறு: பேய் எப்படி அறிவுப் புத்தகத்தில் வரும்?

நூலக டீச்சரிடமே கேட்டேன். "பேய் இருக்கோ இல்லையோ, பார்த்ததாகச் சொன்னவங்க இருக்காங்க இல்லையா? இது அவங்களைப் பற்றின புத்தகம்" என்றார். ஒவ்வொரு கதையிலும் யார் பார்த்தார், எத்தனை வருஷம் கழித்து எழுதி வைத்தார்கள் என்று குறித்துவரச் சொன்னார்.

இங்கிலாந்தின் ரேனம் மாளிகைப் படிக்கட்டில் ஒரு பெண்ணுருவம் இறங்கிவரும் 1936ஆம் ஆண்டுப் புகைப்படத்தைக் கையால் மூடிக்கொண்டுதான் அடுத்த பக்கம் படித்தேன். லண்டன் கோட்டையில் ஆன் பொலின் அரசி 1536இல் தலை வெட்டப்பட்டது வரலாறு. தலையைக் கையில் ஏந்தி நடக்கிறாள் என்பதற்கு எதிரே நான் எழுத ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டவை கடைசிப் பக்கங்கள். 1848இல் ஆவி தட்டுகிறது என்று அமெரிக்காவையே நம்பவைத்த ஃபாக்ஸ் சகோதரிகளில் ஒருவரான மார்கரெட், 1888இல் மேடையேறி, அது கால்விரல் மூட்டைச் சொடுக்கிய சத்தம் என்று செய்தே காட்டினார். அன்று வகுப்பில் பாதிப் பேர் பெஞ்சுக்கடியில் செருப்பைக் கழற்றிச் சொடுக்கிப் பார்த்தோம். மேசைமேல் கை வைத்து உட்கார்ந்தவர்கள், ஆவி மேசையை நகர்த்துகிறது என்று சொன்னபோது விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே யாரையும் ஏசவில்லை. 1853இல் அட்டைகளை மெல்லிய பசையால் அடுக்காக ஒட்டி, மேசைக்கும் கைகளுக்கும் நடுவே வைத்தார். மேல் அட்டைதான் முதலில் விலகியிருந்தது. தள்ளியவை கைகள், தள்ளுகிறோம் என்பது அந்தக் கைக்காரர்களுக்கே தெரியவில்லை! பிறகு மின்காந்தத் தூண்டல் பாடத்தில் ஃபாரடே வந்தபோது, அவர் எனக்கு ஏற்கெனவே தெரிந்த மனிதர்.

போன மாதம் மகளுக்காக இங்குள்ள நூலகத்தில் அதே எண்ணைத் தேடிப் போனேன். இரண்டு புத்தகங்கள் "என்று சொல்லப்படுகிறது" என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தன. குழந்தைகளுக்கு அப்படி எழுதுவது சரியில்லை, திருப்பி வைத்துவிட்டேன். மூன்றாவதில் ஃபாரடேயின் அட்டைகள் படத்தோடு இருந்தன, எடுத்துவந்தேன். மகள் இப்போது ரேனம் மாளிகைப் படிக்கட்டில் நிற்கிறாள். படத்தை மூடவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்கிறாள்.