பேஸ்மென்ட்டுக்கு வாக்கி டாக்கி வாங்கிய கதை

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு இரண்டு அடுக்கு பேஸ்மென்ட். கீழே இறங்கினால் செல்போனில் சிக்னலே இருக்காது. வாசல் செக்யூரிட்டியும் கீழே நிற்பவரும் பேசிக்கொள்ள ஆறு வாக்கி டாக்கி வாங்கலாம் என்று கூட்டத்தில் முடிவானது. வேலை என் தலையில் விழுந்தது.

எஸ்.பி. ரோட்டில் ஒரு கடை. கடைக்காரர் வேலூர்ப் பக்கத்துத் தமிழர். அவர் எடுத்து வைத்த செட்டில் சின்னத் திரை, நம்பர் பட்டன்கள், ஐந்து வாட் சக்தி. அலைவரிசையை 446.00625 மெகாஹெர்ட்ஸ் என்று தட்டிக் காட்டினார். "இதுல போட்டுட்டா லைசென்ஸே வேணாம் சார்."

அது பாதி உண்மை. மத்திய அரசின் 2018 விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்திக் கருவிக்குத்தான் லைசென்ஸ் விலக்கு. எங்கள் பிளாக்கில் லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ஹாம் ரேடியோ வைத்திருக்கும் அண்ணனுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "தம்பி, நைட் ஷிஃப்ட் பையன் பொழுது போகாம பட்டனைத் தட்டுனான்னா போலீஸ் சேனல்ல போய் நிக்கும். அந்த செட்டைத் தொடாத." உங்கள் லைசென்ஸில் ஓட்டலாமா என்றேன். சிரித்தார். அது அவருக்கு மட்டும்தானாம். அதிலும் செக்யூரிட்டி வேலைக்கெல்லாம் ஆகாதாம்.

சரி, திரையே இல்லாத, சேனல் மாற்றும் குமிழ் மட்டும் உள்ள செட்டைக் கேட்டேன். கூடவே இ.டி.ஏ. சான்றிதழ். டபிள்யூ.பி.சி. என்கிற மத்திய வயர்லெஸ் பிரிவு தரும் ஒப்புதல் அது. கடைக்காரர் ஒரு ஜெராக்ஸை நீட்டினார். பேட்டரியைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருந்த மாடல் எண்ணோடு ஒப்பிட்டேன். கடைசியில் ஓர் எழுத்து இடித்தது. "ஒரே கம்பெனிதான சார்!" கம்பெனி ஒன்றுதான், சான்றிதழ் மாடலுக்கல்லவா?

ஆன்லைனில் தேடியிருந்தாலும் இதே வேலைதான். அங்கே அலைவரிசையையும் லைசென்ஸ் தேவையா என்பதையும் போட வேண்டும் என்று 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது.

மூன்றாவது கடையில் எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. பில்லிலும் மாடல் எண்ணை எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அட்டைப்பெட்டியில் பத்து கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. எங்கள் கான்கிரீட்டில் முதல் பேஸ்மென்ட் வரை தெளிவாகக் கேட்கிறது. இரண்டாவதில் லிஃப்ட் பக்கம் வந்து நின்றால்தான் கேட்கும். அங்கே ஒரு நாற்காலி போட்டாயிற்று.