1817ஆம் ஆண்டின் ட்ரிங்கோமலியைத் தேடி

திருகோணமலையின் பெயர் தாங்கிய ஒரு போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதக்கிறது. 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டிய 'ட்ரிங்கோமலி' அது. அதன் மாதிரியைச் செய்யத் தொடங்கியபோது, கப்பலே கண்முன் நிற்கையில் பழைய வரைபடம் எதற்கு என்று நினைத்தேன். அது தவறு. 1845இல் அதன் பின்புறத்தை மாற்றிக் கட்டி, பீரங்கிகளையும் குறைத்துவிட்டார்கள். எனக்கு வேண்டியதோ பம்பாயிலிருந்து புறப்பட்ட கப்பல். எந்த ஆண்டின் கப்பலைச் செய்யப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் ஆவணக் காப்பகத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது.

பிரிட்டிஷ் கடற்படையின் பழைய வரைபடங்கள் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இருக்கின்றன. கப்பலின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதிதான் கிடைக்கும். ஒரே வரைபடத்தைக் கொண்டு பல கப்பல்களைக் கட்டிய காலம் அது. ட்ரிங்கோமலி 'லீடா' வகையைச் சேர்ந்தது; அந்த வகையின் வடிவமோ 1782இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றிய 'ஹெபே' என்ற கப்பலிலிருந்து வந்தது. ஆகவே வகையின் பெயரையும் சேர்த்துத் தேடினேன்.

முன்பதிவு செய்த நாளில் பென்சிலோடு மட்டும் உள்ளே போனேன். மை அங்கே ஆகாது. 48இல் ஒரு பங்கு அளவில் வரைந்த தாளை விரித்தபோது, 150 அடி நீளப் பீரங்கித் தளம் ஏறக்குறைய 95 சென்டிமீட்டருக்கு என் முன்னால் கிடந்தது. பக்கத் தோற்றம், மேலிருந்து பார்க்கும் பாதி அகலம், குறுக்குவெட்டு மூன்றும் ஒரே தாளில். நடுவில் மிக அகன்ற இடத்துக்கு வட்டத்துக்குள் சிலுவைக் குறி. அங்கிருந்து அணியம் (முன்புறம்) நோக்கி எழுத்துகள், பின்புறம் நோக்கி எண்கள். இந்தக் குறிகள்தான் மூன்று படங்களையும் இணைக்கும் கயிறு. வேறு நிற மையில் வரைந்த கோடுகளை அவசரப்பட்டு நகலெடுக்கக் கூடாது. அவை பெரும்பாலும் பிற்காலத் திருத்தங்கள்.

நகலை வாங்கிப் பாதி அளவில், அதாவது 96இல் ஒரு பங்காக, அச்சிட்டு வங்குகளை, அதாவது கப்பலின் விலாச் சட்டங்களை, வெட்டினேன். தளத்தின் நீளம் 47.6 சென்டிமீட்டர் வர வேண்டும், 47.2தான் வந்தது. உயரமோ சரியாக இருந்தது. இருநூறு ஆண்டுகளில் தாள் ஒரு திசையில் மட்டும் சுருங்கியிருக்கிறது! ஓரத்தில் வரைந்திருக்கும் அளவுகோலை முதலிலேயே அளந்திருந்தால் தெரிந்திருக்கும். நீளத்தை மட்டும் இழுத்துத் திருத்திக் கோடுகள் அனைத்தையும் மறுபடி வரைந்தேன்.

அதற்குப் பிறகும் அகலம் குறைவாகவே வந்தது. வரைபடக் கோடு வங்கின் வெளிவிளிம்பைத்தான் காட்டுகிறது, அதன்மேல் அறையும் பலகையின் கனம் அதில் சேராது என்பதை அப்போதுதான் கற்றேன். நான் அந்தக் கோட்டையே பலகையின் வெளிப்புறமாக எண்ணி, ஒவ்வொரு வங்கின் அகலத்திலும் என் பலகையின் இருமடங்கு தடிமனைக் கழித்து வெட்டியிருந்தேன். வங்குகள் முழுவதையும் புதிதாக வெட்டினேன். வருத்தமில்லை, ஏராவின் (அடிமரத்தின்) மேல் அவை வரிசையாக நிமிர்ந்து நின்றபோது, விளிம்புகள் ஒரே வளைவாக ஓடின.

பின்புறத்துக்கு 1845க்கு முந்தைய சதுர வடிவத்தையே எடுத்துக்கொண்டேன். இப்போது அதன் சாளரங்களைச் செதுக்கிக்கொண்டிருக்கிறேன்.